தானே புயலில் விழுந்த பேஸ் கிட்டாருக்கு இன்று என்ன விலை கேட்கலாம்?

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து எழுதுகிறேன். அப்பா மெல்லிசைக் கச்சேரிகளில் வாசித்த ஃபெண்டர் பிரிசிஷன் பேஸ் கிட்டார் எங்களிடம் இருக்கிறது. கழுத்தின் நுனியில் உள்ள தலையில், அதாவது ஹெட்ஸ்டாக்கில், எஸ்7 என்று தொடங்கும் எண். 2011 தானே புயலின்போது பரணிலிருந்து விழுந்து ஹெட்ஸ்டாக்கில் விரிசல் விட்டது, ஒட்டிவிட்டோம். தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப்பில் ஒரு பாதி செத்துப்போனதால் சென்னையில் கொடுத்துக் கம்பி சுற்றி வாங்கினோம். வால்யூம் கன்ட்ரோலும் மாற்றியாயிற்று. கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகளை, அதாவது ஃப்ரெட், மாற்றியது அப்பா காலத்திலேயே. வியாபாரி ஒருவர் 40,000 ரூபாய் தருகிறேன் என்கிறார். இணையத்தில் 4 லட்சம், 5 லட்சம் என்று போட்டிருக்கிறார்கள். எதை நம்புவது? விற்பதற்கு முன் பாலிஷ் போட்டுப் புதுப் பெயின்ட் அடித்தால் விலை கூடுமா?

பதில்: முதலில் கடைசிக் கேள்விக்கு வருகிறேன், ஏனென்றால் அதில்தான் அவசரம் இருக்கிறது. பெயின்ட் அடிக்காதீர்கள். பாலிஷும் வேண்டாம். புதுச்சேரியில் என் பட்டறைக்கு ஒருமுறை 1970களின் பேஸ் ஒன்று வந்தது. கார் பெயின்ட் அடிப்பவரிடம் கொடுத்து, கண்ணாடி போலப் பளபளக்கும் கறுப்பு அடித்திருந்தார்கள். வேலை சுத்தமான வேலை. ஆனால் பழைய பூச்சு போனதோடு பாதி விலையும் போய்விட்டது. பழைய கிட்டார் வாங்குபவர்களிடம் இது எழுதாத சட்டம்: மறுபூச்சு என்றால் பாதி விலை. உங்கள் கிட்டாரின் உடம்பில் அசல் பூச்சு அப்படியே இருக்கிறது என்பதுதான் இப்போது உங்கள் கையில் உள்ள பெரிய சொத்து.

ஹெட்ஸ்டாக்கின் முகப்பு மட்டும் தேன் நிறத்தில் பழுத்து, கழுத்தின் பின்புறம் வெளுப்பாக இருக்கிறதா என்று பாருங்கள். அழுக்கு என்று நினைத்துத் தேய்த்துவிடுபவர்கள் உண்டு. அமெரிக்க நிறுவனமான ஃபெண்டர் 1968 வாக்கில் பாலியெஸ்டர் பூச்சுக்கு மாறியபோதும், பெயர் ஒட்டியிருக்கும் முகப்புக்கு மட்டும் நைட்ரோ லாக்கர் என்ற பழைய பூச்சையே தொடர்ந்தது. புதிய பூச்சு அந்த ஸ்டிக்கரோடு ஒத்துப்போகவில்லை. லாக்கர் வயதானால் மஞ்சளிக்கும், பாலியெஸ்டர் அவ்வளவாக மஞ்சளிக்காது. அந்த நிற வேறுபாடு உங்களுக்கு ஒரு சாட்சி.

சாட்சி என்று சொல்லக் காரணம் இருக்கிறது. விலை பேசுவதற்கு முன் இது ஃபெண்டர்தான் என்று நிலைநிறுத்த வேண்டும். 1970களில் ஜப்பானில் செய்த நகல்கள் பல அச்சு அசலாக இருக்கும். எஸ்7 என்பது எழுபதுகளையும் 7ஐயும் குறிக்கும், அதாவது 1977. 1976 வரை எண்ணைக் கழுத்தை உடம்போடு இணைக்கும் தகட்டில் பொறித்தார்கள், அதன் பிறகுதான் அது ஹெட்ஸ்டாக்குக்கு ஏறியது. ஆக எண் இருக்கும் இடம் சரியாகப் பொருந்துகிறது. ஆனால் எண்ணை மட்டும் வைத்து யாரும் லட்ச ரூபாய் தரமாட்டார்கள். உள்ளே பார்க்க வேண்டும்.

தந்திகளைத் தளர்த்திவிட்டு, உடம்பின் முன்புறம் உள்ள பிளாஸ்டிக் தகடான பிக்கார்டின் திருகுகளைச் சரியான அளவு ஸ்க்ரூ டிரைவரால் கழற்றுங்கள். கடலூர் உப்புக் காற்றில் திருகுகள் துரு ஏறி இறுகியிருக்கும். அவசரப்பட்டால் தலை வழுக்கி மொட்டையாகிவிடும், ஒவ்வொன்றாக, அழுத்திப் பிடித்துத் திருப்புங்கள். பிக்கார்டைத் தூக்கினால் அடியில் கன்ட்ரோல்கள் தெரியும். மாற்றாத டோன் கன்ட்ரோலின் முதுகில் 137 என்று தொடங்கும் ஏழிலக்க எண் இருக்கலாம். 137 என்பது கன்ட்ரோலைச் செய்த சிடிஎஸ் நிறுவனத்தின் குறி, அடுத்த இரண்டு இலக்கம் வருடம், கடைசி இரண்டு இலக்கம் வாரம். 1377632 என்றால் 1976ஆம் ஆண்டின் 32ஆவது வாரம். கிட்டாரை விடக் கன்ட்ரோல் சில மாதம் மூத்ததாக இருப்பது இயல்பு, தொழிற்சாலையில் மொத்தமாக வாங்கி வைத்திருப்பார்கள். இளையதாக இருந்தால்தான் பிற்பாடு மாற்றியது என்று பொருள். அந்த எண்ணையும் ஈயப்பற்றுகளையும் தெளிவாகப் படம் எடுத்து வையுங்கள். கடைகளில் கள்ளநோட்டு பார்க்கும் ஊதா விளக்கு இருக்கிறதல்லவா, அதை இருட்டில் ஹெட்ஸ்டாக் முகப்பின் மேல் பிடித்தால் பழைய லாக்கர் பச்சை கலந்து மங்கலாக ஒளிரும். பின்னால் தொட்டுப் பூசிய இடம் கருத்துத் திட்டாகத் தெரியும். விரிசலை ஒட்டியவர் எவ்வளவு தூரம் பூசியிருக்கிறார் என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

பிக்கப் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க எதையும் பிரிக்கத் தேவையில்லை. வால்யூமை முழுதாகத் திறந்து, கேபிளைச் செருகி, அதன் மறுமுனைப் பிளக்கின் நுனியிலும் உடம்பிலும் மல்டிமீட்டரை வைத்து மின்தடையைப் பாருங்கள். 10 கிலோ ஓம் அளவில் காட்டினால் இரண்டு பாதியும் வேலை செய்கின்றன. 250 கிலோ ஓம் பக்கம் போனால் சுருள் எங்கோ அறுந்திருக்கிறது, மீட்டர் வெறும் வால்யூம் கன்ட்ரோலைத்தான் அளக்கிறது. இரண்டு பாதியும் தொடரில் இருப்பதால் ஒன்று செத்தாலும் இப்படித்தான் காட்டும்.

இனி பழுதுகள். எல்லாப் பழுதும் ஒரே தராசில் நிற்காது. ஃப்ரெட் தேய்ந்தே தீரும், ஸ்கூட்டர் டயர் மாதிரி. நல்ல கையால் மாற்றியிருந்தால் வாசிப்பவர் அதற்குச் சந்தோஷப்படுவார், விலை இறங்காது. வால்யூம் கன்ட்ரோல் சின்னக் கழிவு. சுற்றிய பிக்கப் அதைவிடப் பெரிது, ஏனென்றால் அந்த ஒலிக்காகத்தான் பழைய ஃபெண்டரையே தேடுகிறார்கள். பெரிய அடி ஹெட்ஸ்டாக் விரிசல். அதிலும் உங்களுக்கு ஓர் ஆறுதல் உண்டு. கிப்ஸன் கிட்டார்களில் தலை பின்னோக்கிச் சாய்ந்திருக்கும், மரத்தின் ரேகை அந்த இடத்தில் குறுக்கே வெட்டுப்படும், அதனால் கழுத்தே முறியும். ஃபெண்டரில் தலையும் கழுத்தும் ஒரே நேரான பலகை. விரிசல் பெரும்பாலும் ரேகையோடு, தந்தியை முறுக்கும் ட்யூனர்களின் துளைகளை ஒட்டி ஓடும். மரத்துண்டு எதுவும் தொலையாமல் இறுக்கி ஒட்டியிருந்தால் அது பலமான ஒட்டு. முழுச் சுருதியில் தந்தி ஏற்றி ஒரு வாரம் வைத்துவிட்டு, விரிசலின் மேல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் தடுக்கினால் ஒட்டு திறக்கிறது.

சரி, கணக்குக்கு வருவோம். இணையத்தில் நீங்கள் பார்த்த 4, 5 லட்சம் விற்பவர் கேட்கும் விலை. ஈபே, ரிவெர்ப் போன்ற தளங்களில் விற்று முடிந்தவற்றை மட்டும் பார்க்க வழி இருக்கிறது. அதே வருடம், அதே நிறம், பழுது இல்லாதது என நாலைந்து தேடி நடு விலையை எடுங்கள். ஒரு பேச்சுக்கு அது 3 லட்சம் என்று வைப்போம். ஹெட்ஸ்டாக்குக்கு 30 சதவீதம் கழித்தால் 2,10,000. மிஞ்சியதில் பிக்கப்புக்கு 15 சதவீதம் கழித்தால் 1,78,500. வால்யூம் கன்ட்ரோல், சில்லறை எல்லாம் சேர்த்து 1,70,000 என்று முடியுங்கள். இந்த சதவீதங்கள் என் கை அனுபவம், கொஞ்சம் முன்பின் இருக்கலாம். ஆனால் ஒவ்வொரு கழிவையும் மிஞ்சிய தொகையில்தான் போட வேண்டும். முதல் தொகையிலேயே எல்லாவற்றையும் கழித்து உங்களைப் பயமுறுத்துபவர்கள் உண்டு.

அந்த 1,70,000 வெளிநாட்டுச் சந்தையின் விலை. நம் பக்கம் பழைய பேஸுக்கென்று காசு வைத்திருப்பவர்கள் குறைவு. புதுச்சேரி, ஆரோவில், சென்னை வட்டாரத்தில் நேரில் வாசித்துப் பார்த்து வாங்குபவருக்கு விற்பதென்றால் மூன்றில் ஒரு பங்கு இறங்கி 1,10,000 முதல் 1,20,000 வரை எதிர்பார்க்கலாம். வியாபாரி அதில் பாதிக்குக் கேட்பது நியாயம்தான். அவர் முதல் போட்டு, மாதக்கணக்கில் வைத்திருந்து விற்க வேண்டும். அந்தக் கணக்கில் பார்த்தாலும் 60,000 பக்கம் வர வேண்டும். உள்ளே பார்த்தபின் மற்றதெல்லாம் அசல் என்று உறுதியானால் 40,000 குறைவு.

ஃப்ரெட் போர்டு கறுப்புக் கலந்த பழுப்பு மரமாக இருந்தால் அது பெரும்பாலும் நம் ஈட்டி மரம். 1960களின் நடுவில் ஃபெண்டர் பிரேசில் ரோஸ்வுட்டை விட்டு இந்திய ரோஸ்வுட்டுக்கு மாறியது. இங்கே வளர்ந்த மரம் கலிஃபோர்னியா போய், கடலூர் கச்சேரி மேடைக்குத் திரும்பி வந்திருக்கிறது. வாங்க வருபவரிடம் இதைச் சொல்லுங்கள். அப்பா அதை மாட்டிக்கொண்டு மேடையில் நிற்கும் புகைப்படம் இருந்தால் அதையும் காட்டுங்கள். அதனால் பணம் கூடாது, ஆனால் ஒரே வீட்டில் இத்தனை வருடம் இருந்த பொருள் என்ற நம்பிக்கை வரும்.

பழுது நான்கையும் விளம்பரத்திலேயே எழுதிவிடுங்கள், விரிசலின் படம் முதலில் வரட்டும். அப்புறம், கழற்றிய பழைய வால்யூம் கன்ட்ரோல் வீட்டில் ஏதாவது டப்பாவில் கிடக்கிறதா என்று தேடுங்கள். கரகரத்துச் செத்ததாக இருந்தாலும் அதன் முதுகில் தேதி இருக்கும். கிடைத்தால் ஒரு கவரில் போட்டுக் கிட்டாரோடு சேர்த்துக் கொடுங்கள். பழைய கருவி வாங்குபவர் முதலில் கையில் எடுப்பது அந்தக் கவரைத்தான்.