வார்ப்பிரும்பை வெட்டாமலே அல்ட்ராசவுண்டால் அதன் உள்ளமைப்பை அறிய முடியுமா?

ஓரளவு முடியும். விரிசல் தேடத்தான் அல்ட்ராசவுண்டு என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் ஒலி ஓடும் வேகமே உள்ளே கிராஃபைட் (இரும்புக்குள் தனியாகப் பிரிந்து நிற்கும் கார்பன்) எந்த வடிவில் கிடக்கிறது என்று காட்டிக்கொடுத்துவிடும். டக்டைல் இரும்பில், அதாவது எளிதில் உடையாமல் வளைந்துகொடுக்கும் வார்ப்பிரும்பில், அது உருண்டை உருண்டையாக இருக்கும். ஒலி நொடிக்குச் சுமார் 5500 மீட்டருக்கு மேல் போகும். சாம்பல் வார்ப்பிரும்பில் செதில் செதிலாக இருப்பதால் வேகம் பெரும்பாலும் 5000-க்குக் கீழே இறங்கிவிடும். டக்டைல் இரும்பில் கிராஃபைட்டை உருண்டையாக்குவது உருகிய இரும்பில் சேர்க்கும் மெக்னீசியம்தான்; அது சரியாகப் பிடிக்காத வார்ப்பு இப்படித்தான் மாட்டிக்கொள்ளும்.

25 மி.மீ. தடிமனுள்ள டக்டைல் வார்ப்பில் எதிரொலி 9 மைக்ரோ நொடியில் திரும்பினால் சரி, 10.5 ஆகிவிட்டால் சந்தேகப்படுங்கள். முதலில் தடிமன் அளக்கும் வெர்னியரை ஒழுங்காகப் பிடியுங்கள். அரை மி.மீ. பிசகினாலே வேகக் கணக்கு நூறு மீட்டருக்கு மேல் தவறும். அப்புறம், ஜெல் தடவ மறந்தால் ஒலி உள்ளேயே போகாது. கிராஃபைட்டைச் சுற்றியுள்ள இரும்பில் பெர்லைட் (கடினமான பகுதி) எவ்வளவு, ஃபெரைட் (மென்மையான பகுதி) எவ்வளவு என்று பார்க்க மட்டும் வெட்டி மைக்ராஸ்கோப்பில் வைப்பதுதான் நம்பகமான வழி.