14ஆம் நாளில்தான் கருமுட்டை வெளியாகுமா?

35 நாள்களுக்கு ஒருமுறை மாதவிடாய் வருபவருக்கும், மாதவிடாய் தொடங்கிய நாளிலிருந்து எண்ணி 14ஆம் நாளில்தான் கருமுட்டை வெளியாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் இல்லை, 21ஆம் நாளையொட்டியே அது நிகழக்கூடும்.

சுழற்சியின் தொடக்கத்தில், மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி வெளியிடும் எஃப்.எஸ்.எச். ஹார்மோன், சூலகத்தில் கருமுட்டையைப் பொதிந்திருக்கும் நுண்பைகள் சிலவற்றை வளரத் தூண்டுகிறது. அவற்றுள் முந்திக்கொள்ளும் ஒன்று சுரக்கும் ஈஸ்ட்ரோஜன், முதலில் பிட்யூட்டரியை அடக்கியே வைத்திருக்கிறது. ஆனால் அதன் அளவு நன்கு உயர்ந்து, ஏறத்தாழ 2 நாள்கள் அந்த உயரத்திலேயே நீடித்தால், அடக்கிய அதே ஹார்மோன் தூண்டுகோலாக மாறி, எல்.எச். ஹார்மோனைப் பெருமளவில் சுரக்கச் செய்கிறது. உடலியலில் என்னை மிகவும் வியக்க வைக்கும் திருப்பம் இதுவே. அந்த எழுச்சி தொடங்கிச் சுமார் 36 மணி நேரத்தில் நுண்பை வெடித்துக் கருமுட்டை வெளியேறுகிறது.

எஞ்சிய நுண்பை, கார்பஸ் லூட்டியம் என்னும் மஞ்சள் உடலமாக மாறி, கருப்பையின் உட்படலத்தைத் தக்கவைக்கும் புரோஜெஸ்டிரோன் ஹார்மோனைச் சுரக்கிறது. கரு தங்காவிட்டால் அது ஏறக்குறைய 14 நாள்களில் சிதைய, ஹார்மோன் அளவு சரிந்து, கருப்பையின் உட்படலம் உதிர்கிறது. இந்தப் பின்பாதி பெரிதாக மாறுவதில்லை; நுண்பை முதிரும் முன்பாதிதான் மன அழுத்தம், உடல் எடை மாற்றம், நோய் போன்றவற்றால் நீள்கிறது. ஆகவே அடுத்த மாதவிடாய் வரக்கூடிய நாளிலிருந்து பின்னோக்கி 14 நாள்களை எண்ணுங்கள்; அப்போதும் ஓரிரு நாள்கள் முன்பின் ஆகலாம்.