எழுந்து நிற்கும்போது தலைசுற்றும் மாணவி

அன்புள்ள எழுத்தாளருக்கு,

யோகா கற்றுக்கொடுக்கிறேன். மாணவி ஒருவர் காலை, மாலை இரு வகுப்புக்கும் வருகிறார். ஓயாமல் விரதம். எழுந்து நின்றால் தலைசுற்றுகிறது. இப்போது வமன தௌதி கற்றுத்தரச் சொல்கிறார். மற்றவர்கள் அவருடைய கட்டுப்பாட்டை மெச்சுகிறார்கள். எனக்கோ பயமாக இருக்கிறது. நாங்கள் என்ன செய்யலாம்?

கே.

அன்புள்ள கே.,

வமன தௌதியைக் கற்றுத்தராதீர்கள். உப்புநீர் குடித்து வாந்தியெடுக்கும் கிரியை அது. அவருக்குப் புலிமியா (அளவுமீறி உண்டுவிட்டு, வாந்தி போன்ற வழிகளில் அதை ஈடுகட்டும் உணவுக் கோளாறு) இருந்தால், நோயையே பாடமாக நடத்தியதாகிவிடும். வாந்தியால் பொட்டாசியம் குறையும், இதயத் துடிப்பு தாறுமாறாகும். உப்புநீர் குடித்துக் குடலைக் கழுவும் சங்கப் பிரக்ஷாளனம், சூடேற்றிய அறையில் பயிற்சி இரண்டும் இதே கணக்குதான்.

தலைசுற்றலை லேசாக எடுக்காதீர்கள். உணவு போதாத உடல் நாடியைக் குறைத்துக்கொள்ளும். நாடி மெதுவாக ஓடுவதைத் தேர்ச்சி என்று கொண்டாடுகிறவர்கள் நம்மிடையே உண்டு. பட்டினி கிடப்பவருக்கு விழித்திருக்கும்போதே நிமிடத்துக்கு 50-க்குக் கீழே போனால் மருத்துவமனை தேவைப்படலாம். மாதவிடாய் நின்றிருந்தால் எலும்பும் நலிந்திருக்கக்கூடும். பச்சிமோத்தானாசனம், ஹலாசனம் போன்று முதுகை முன்னால் வளைக்கும் ஆசனங்களில் முள்ளெலும்பு முறியும் ஆபத்துண்டு. மருத்துவர் பார்த்துச் சரி என்னும்வரை ஆசனம் வேண்டாம். அதற்காக அவரை வெளியே அனுப்பிவிடாதீர்கள். வந்து உட்காரட்டும்.

தனியாக, அவசரமில்லாத நேரத்தில் பேசுங்கள். எடை, தோற்றம் பற்றி மூச்சு விடக்கூடாது. "முகம் தெளிந்திருக்கிறது" என்றாலும் அவர் காதில் "குண்டாகிவிட்டாய்" என்றே விழலாம். கண்டதை மட்டும் சொல்லுங்கள்: "எழுந்ததும் தடுமாறுகிறீர்கள், கவலையாயிருக்கிறது. மருத்துவரிடம் போகும்போது யாராவது கூட வரட்டுமா?" அநேகமாக மறுப்பார். சில நாள் கழித்து மறுபடி கேளுங்கள். மயங்கி விழுந்தாலோ நெஞ்சு படபடத்தாலோ உடனே அவசர சிகிச்சைதான். 18 வயது நிறையாதவர் என்றால் பெற்றோரிடம் பேசுங்கள்.

மெச்சுகிறவர்களிடம் கீதையின் 6-ஆம் அத்தியாயம், 16-ஆம் சுலோகத்தைக் காட்டுங்கள்: மிகுதியாக உண்பவனுக்கு யோகம் இல்லை, உண்ணாமலே இருப்பவனுக்கும் இல்லை. உங்கள் வாயிலிருந்தும் "கொழுப்பைக் கரைப்போம்", "நேற்றுச் சாப்பிட்டதை இன்று ஈடுகட்டுவோம்" வரக்கூடாது. கண்ணாடியைத் திரையிட்டு மூடுங்கள். கேட்காமல் தொட்டுத் திருத்தாதீர்கள். இன்னொன்று: உணவுக் கோளாறு மெலிந்தவர்களுக்கு மட்டும் வருவதில்லை. பருத்த உடல்காரர் விரதமிருந்தால் வகுப்பே கைதட்டும், அங்குதான் நாம் கோட்டை விடுகிறோம்.

மருத்துவர் அனுமதித்த பின் வாரத்துக்கு எத்தனை வகுப்பு என்பதைச் சிகிச்சைக் குழுவே முடிவு செய்யட்டும். நாற்காலி ஆசனங்களில் தொடங்கலாம். சவாசனத்தில் "வயிற்றைக் கவனியுங்கள்" என்றால் பதற்றம் கூடலாம். கண்ணைத் திறந்தபடி, குதிகால் தரையில் படுவதைக் கவனிக்கச் சொல்லுங்கள்.