சலங்கையை ஏன் பிடுங்கினீர்கள்?

கேள்வி: என் மகனுக்கு நாலரை வயது, எல்.கே.ஜி. படிக்கிறான். தினமும் சாயங்காலம் ஒன்றரை மணி நேரம் உட்கார வைத்தும் கர்சிவ் எழுத்து கோட்டுக்குள் நிற்கவில்லை. ‘கை வலிக்குது’ என்று அழுகிறான். மிஸ் டைரியில் எழுதி அனுப்புகிறார். முன்பெல்லாம் பள்ளி விட்டதும், மாமியார் கொலுசுக்குச் சலங்கை மாட்டும் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்வான். நேரம் வீணாகிறதே என்று அதையும் நிறுத்திவிட்டேன். டியூஷனில் சேர்க்கலாமா? வீட்டில் எப்படிச் சொல்லித் தருவது?
- ஒரு வாசகி, செவ்வாய்ப்பேட்டை, சேலம்

பதில்: டியூஷன் வேண்டாம். அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது. கர்சிவ் நோட்டுக் கடிதங்கள் எனக்கு ஜூனில் ஆரம்பித்துப் பொங்கல் வரைக்கும் வரும். உங்கள் கடிதத்தில் நான் நின்றது ‘நேரம் வீணாகிறதே’ என்ற இடத்தில்.

மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து அவன் என்ன செய்தான் என்று ஒரு நாளாவது பார்த்தீர்களா? கொலுசு வேலை நடக்கிற வீடுகளில் உட்கார்ந்து பார்த்தவள் நான், சொல்கிறேன். பெரிய சலங்கைக்கு ஒரு கிண்ணம், சின்னதுக்கு ஒரு கிண்ணம். வலது காலுக்கு எத்தனையோ இடது காலுக்கும் அத்தனை. ஒன்று குறைந்தால் பாய்க்கு அடியில் தேட வேண்டும். ஒவ்வொன்றையும் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்துக் கிள்ளி எடுக்க வேண்டும். நாளைக்குப் பென்சில் பிடிக்கப் போவதும் அதே விரல்கள்தான். வகை பிரிக்கத் தெரிவது, ஜோடி சேர்ப்பது, குறைவதைக் கண்டுபிடிப்பது. எல்.கே.ஜி. என்றால் இதுதானே அம்மா! 1939-ல் மெட்ராஸ் அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்த மரியா மாண்டிசோரி, எண்ணிக்கை சொல்லித்தர வைத்திருந்ததும் மணிதான், பொன்னிற மணி. தனி மணி ஒன்று, 10 கோத்த கம்பி, 100 சேர்ந்த சதுரம், 1000 சேர்ந்த கனசதுரம். அந்த அம்மாள் பெயரைப் பலகையில் போட்ட பள்ளிக்குப் பணம் கட்டத் தயங்க மாட்டோம். அதையே அப்பாயி வெள்ளியில் வைத்திருந்தால் வீண் நேரம்!

கை வலி பொய்யில்லை. மணிக்கட்டில் எட்டு எலும்புகள். பிறக்கும்போது எட்டும் வெறும் குருத்தெலும்பு, ஒவ்வொன்றாகத்தான் எலும்பாகும். கடைசி ஒன்று அதற்குத் தொடங்கவே எட்டு வயதுக்கு மேல் ஆகிவிடும். அந்தக் கையில் ஒன்றரை மணி நேரக் கர்சிவ்! நீங்கள் அவ்வளவு நேரம் உட்கார்ந்து எழுதி எத்தனை வருஷமாயிற்று? மிஸ்ஸிடம் நேரில் போய், வீட்டில் எழுத வைக்க மாட்டேன் என்று சொல்லிவிடுங்கள். அங்கன்வாடிக்கு நம் அரசு வகுத்த பாடத்திட்டத்தின் பெயரே ‘ஆடிப் பாடி விளையாடு பாப்பா’. அங்கே இலவசமாகக் கிடைப்பது, ஃபீஸ் கட்டுகிற உங்கள் பிள்ளைக்குக் கிடையாதா?

ஒரு கண்டிப்பு. பற்றவைக்கிற இடத்துக்கும் ஆசிட் இருக்கிற இடத்துக்கும் அவன் போகவே கூடாது. சலங்கை வாய்க்குப் போகக் கூடாது. அவன் பிரித்துக் கொடுத்ததை வேலைக் கணக்கில் சேர்த்தீர்களோ, இதே பக்கத்தில் இன்னொரு தடவை திட்டு வாங்குவீர்கள்.

பையன் அழுகையை விட எனக்கு உங்கள் மாமியாரை நினைத்துத்தான் கோபம் வருகிறது. கடிதம் முழுக்க அவர் ஒரே ஒரு முறைதான் வருகிறார், அதுவும் பையன் போய் உட்காரும் இடமாக. பேரன் வருவான் என்று சாயங்காலம் கிண்ணத்தை எடுத்து வைத்து எத்தனை நாள் காத்திருந்தாரோ. பேரனை வளர்ப்பதில் அவருக்குப் பங்கு உண்டு. நீங்கள் பார்த்துக் கொடுக்கிற சலுகையில்லை அது. உங்கள் வீட்டுக்காரரோ கடிதத்தில் எங்குமே இல்லை. தன் தாயின் பக்கத்திலிருந்து பிள்ளையைத் தூக்கி வந்தபோது அவர் எங்கே போயிருந்தார்?

நோட்டைப் பரணில் போடுங்கள். நாளைக்குச் சாயங்காலம் பையனை மட்டும் அனுப்பிவிட்டு அடுப்படிக்குள் புகுந்துகொள்ள வேண்டாம். நீங்களும் போய்ப் பாயில் உட்கார்ந்து, ‘அத்தை, எனக்கும் ஒரு கிண்ணம் கொடுங்க’ என்று கேளுங்கள்.