வீட்டுக் கணினியில் கிரிப்டோ மைனிங் செய்தால் மின்கட்டணம் எவ்வளவு கூடும், வருமானம் அதை ஈடுகட்டுமா?

திருகோணமலையில் கணினி திருத்தும் தொழிலில் இருப்பதால் இக்கேள்வி என்னிடம் அடிக்கடி வருகிறது. மைனிங் என்பது, பிட்கொயின் போன்ற கிரிப்டோ நாணயங்களின் பரிவர்த்தனைகளைப் பதிவதற்கான கணக்குகளைக் கணினியால் இடைவிடாது போட்டு, வெகுமதியாக அந்த நாணயத்தைப் பெற முயல்வது. கிராபிக்ஸ் அட்டை பூட்டிய ஒரு கணினி மைனிங்கின்போது 300 வாற்று எடுப்பதாகக் கொள்வோம். 24 மணித்தியாலத்துக்கு 7.2 அலகு; 30 நாளுக்கு 216 அலகு. அட்டையின் பெட்டியில் அச்சிட்டிருக்கும் வாற்றை நம்ப வேண்டாம். கணினியின் ஏனைய பாகங்கள் எடுப்பதும் மின்வழங்கியில் வீணாவதும் அதில் அடங்குவதில்லை. வீட்டில் மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு மின்மானியில் சிமிட்டும் விளக்கை எண்ணிப் பாருங்கள். ஓர் அலகுக்கு 1600 துடிப்பு என்று அதில் பொறித்திருந்தால், நிமிடத்துக்கு 8 சிமிட்டல் என்பது 300 வாற்று.

சென்ற மாத மின்பட்டியலின் தொகையை அலகுகளால் வகுத்து, வரும் சராசரி விலையால் இந்த 216 அலகைப் பெருக்குவது பிழையான கணக்கு. நம் நாட்டில் வீட்டு மின்கட்டணம் 60, 90, 120, 180 அலகு என்ற படிகளில் ஏறுவதால், மாதம் 90 அலகு செலவழிக்கும் வீட்டில் மைனிங்கின் 30 அலகு 120 வரையான படியிலும், 60 அலகு 180 வரையான படியிலும், மிகுதி 126 அலகு எல்லாவற்றிலும் விலைகூடிய கடைசிப் படியிலும் விழும். நிலையான கட்டணமும் அந்தக் கடைசிப் படிக்குரியதாகிவிடும். கட்டணங்கள் அடிக்கடி திருத்தப்படுவதால், நடப்பு அட்டவணையை எடுத்துப் படிப்படியாகக் கணக்கிடுவதே சரி.

கணினி எடுக்கும் 300 வாற்றும் கடைசியில் வெப்பமாகவே அறைக்குள் இறங்குகிறது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் அதை யார் தாங்குவது? குளிரூட்டி போட்டால், மூன்று பங்கு வெப்பத்தை வெளியேற்ற ஏறத்தாழ ஒரு பங்கு மின்சாரம் என்ற அளவில், மாதம் மேலும் 72 அலகு ஏறும். அதுவும் கடைசிப் படியில்தான். (உப்புவெளிப் பக்கம் கடற்காற்றில் துருப்பிடிக்கும் விசிறிகளின் செலவு வேறு.)

வருமானத்தைப் பற்றி நீட்டி எழுத அதிகமில்லை. பிட்கொயினுக்கென்றே செய்யப்பட்ட அன்ட்மைனர் எஸ்19 புரோ என்ற இயந்திரம் 3250 வாற்றில் விநாடிக்கு 110 டெராஹாஷ் (ஒரு டெராஹாஷ் என்பது ஒரு இலட்சம் கோடி கணிப்பு) கணிக்கும்; வீட்டு அட்டை அதன் அருகில்கூட வராது. 2024 ஏப்ரலில் ஒரு தொகுதி (சேர்த்துப் பதியப்படும் பரிவர்த்தனைகளின் கட்டு) பதிவதற்கான வெகுமதியும் 3.125 பிட்கொயினாகப் பாதியானது. கிராபிக்ஸ் அட்டைக்காரர்கள் நம்பியிருந்த எதீரியம் என்ற மற்றொரு கிரிப்டோ நாணயம் 2022 செப்டெம்பரில் மைனிங்கையே கைவிட்டது. எனவே, மின்கட்டணத்தைக்கூட மீட்க முடியாது என்பதே என் முடிவு.

கூரையில் சோலார் பூட்டியவர்கள், மின்சாரம் இலவசந்தானே என்பார்கள். மேலதிக அலகுகளை விற்கும் ஒப்பந்தம் இருந்தால், மைனிங் தின்னும் ஒவ்வோர் அலகும் விற்காமல் விட்ட அலகு. அதற்குக் கிடைத்திருக்கும் விலையைச் செலவுப் பக்கத்தில் எழுத வேண்டும்.