பையில் பிளாஸ்க், பிளாஸ்கில் இலை: கேள்வி-பதில்

வெளியே எடுத்துப்போய் இலைத் தேயிலை போட்டுக் குடிக்கக் கண்ணாடி பாட்டில் நல்லதா, ஸ்டீல் நல்லதா?

கண்ணாடியில் ருசி ஒட்டாது, ஸ்டீல் உடையாது. உங்கள் பையை நீங்கள் எப்படித் தூக்கிப் போடுவீர்கள் என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

"12 மணி நேரம் சூடு" என்று போட்டிருந்த பிளாஸ்க், உள்ளேயே வடிகட்டியும் இருக்கிறது. காலையில் பச்சைத் தேயிலை போட்டு மூடி, பத்து மணிக்குத் திறந்தால் வேப்பங்காய்க் கசப்பு. தேயிலை போலியா?

தேயிலை மேல் பழி போடாதீர்கள். பிளாஸ்க் தன் வேலையை ஒழுங்காகச் செய்திருக்கிறது, வினையே அதுதான். பச்சைத் தேயிலைக்கு 75 முதல் 80 டிகிரித் தண்ணீரும் இரண்டு மூன்று நிமிடமும் போதும். கறுப்புத் தேயிலை கொதித்த தண்ணீரில் ஐந்து நிமிடம் வரை தாங்கும். அதற்குமேல் இலை தண்ணீரிலேயே கிடந்தால் துவர்ப்பும் கசப்பும் இறங்கிக்கொண்டே இருக்கும். சாதாரண டம்ளரில் தண்ணீர் ஆறிவிடுவதால் அந்த வேகமாவது குறையும். பிளாஸ்கில் அதற்கும் வழியில்லை.

இந்தச் சாமானைச் செய்கிறவர்களுக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும். ஆனாலும் அட்டைப்பெட்டியில் இலை மிதக்கும் பிளாஸ்கைப் பிடித்துக்கொண்டு ஒருவர் சிரிக்கிற படம்தான் போடுவார்கள். பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வாயருகே இருக்கும் வடிகட்டி இலை வாய்க்குள் வராமல் தடுக்கும், அவ்வளவுதான். இலையைத் தண்ணீரிலிருந்து பிரிக்காது. வாங்கும்போது கேட்க வேண்டியது ஒன்றுதான்: ஊறியதும் இலையை எங்கே எடுத்து வைப்பது?

தூக்கி எடுக்கிற கூடை இருந்தால் வாங்கலாம். இலை அறை ஒரு முனையில் இருந்து, கவிழ்த்தால் ஊறி, நிமிர்த்தினால் வடிகிற வகையும் பரவாயில்லை. சங்கிலியில் தொங்கும் உருண்டை வடிகட்டி மட்டும் வேண்டாம். என்னிடம் ஒன்று கிடக்கிறது. சுருட்டிய ஊலாங் (பச்சைக்கும் கறுப்புக்கும் இடைப்பட்ட தேயிலை) இலை போட்டேன். இலை விரிந்து உருண்டை முழுக்க அடைத்துக்கொண்டது, நடுவில் இருந்த இலை பாதி நனையவே இல்லை, கொக்கி வாய் பிளந்து மீதி டம்ளருக்குள் கொட்டியது. இலைக்கு விரிய இடம் வேண்டும்.

எனக்குச் சரிப்பட்டு வந்த வழி: பிளாஸ்கில் வெறும் வெந்நீர், சின்ன டப்பாவில் இலை, கூடை வைத்த ஒரு கப். 200 மில்லிக்கு 2 கிராம். குடிக்கும்போது போட்டுக்கொள்ளலாம். நல்ல இலையென்றால் இரண்டாம் தண்ணீரும் தரும்.

காந்தம் ஒட்டவில்லை, அதனால் எளிதில் துருப்பிடிக்காத 304 ரக ஸ்டீல்தான் என்று ஒரு பிளாஸ்கை விற்றார்கள். சில மாதத்தில் உள்ளே அடியில் துரு. "பயன்படுத்திய பொருளைத் திரும்ப வாங்க மாட்டோம்" என்கிறார்கள்.

உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. காந்தச் சோதனை விற்கிறவருக்கு வசதியான சோதனை. நிக்கல் குறைந்த, மலிவான 201 ஸ்டீலிலும் காந்தம் பெரும்பாலும் ஒட்டாது. 304 என்றால் ஏறத்தாழ 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். அதைக் காந்தம் சொல்லாது. பயன்படுத்தாமல் துரு எப்படித் தெரியும் என்று அவரையே கேளுங்கள். துருவைப் படமெடுங்கள், "304" என்று போட்டிருந்த விளம்பரப் பக்கத்தையும் இப்போதே படமெடுத்து வையுங்கள், அது நாளைக்கு மாறிவிடலாம். புகாரை எழுத்தில் அனுப்புங்கள். கார்டில் பணம் கட்டியிருந்தால் வங்கியிலும் முறையிடுங்கள். விடாதீர்கள்.

வாஷரைக் கழற்றிக் கழுவினேன், திரும்பப் போட மறந்துவிட்டேன். டீ ஒழுகி மடிக்கணினி போய்விட்டது. பிளாஸ்க் கம்பெனியிடம் நஷ்டஈடு கேட்கலாமா?

உங்கள் கடிதத்தை நீங்களே இன்னொரு முறை வாசியுங்கள்.

பால் டீயை பிளாஸ்கில் ஊற்றி மாலை வரை வைக்கலாமா?

வேண்டாம். 60 டிகிரிக்குக் கீழே இறங்கிவிட்டால் பாலில் கிருமி வளரும்.

விமானத்தில் இலையும் பிளாஸ்கும் கொண்டுபோகலாமா?

பிளாஸ்கைக் காலியாகக் கொண்டுபோங்கள். பல விமான நிலையங்களில் 100 மில்லிக்கு மேல் திரவத்தைக் கைப்பையில் விடமாட்டார்கள். உலர்ந்த இலைக்குப் பொதுவாகத் தடையில்லை, ஆனால் சில நாடுகளில் இறங்கும்போது அறிவிக்கச் சொல்வார்கள். உள்ளே போய் வெந்நீர் வாங்கிக்கொள்ளலாம். விமானத்தில் கேட்பதானால் பச்சைத் தேயிலை எடுத்துப்போங்கள். கேபினில் காற்றழுத்தம் குறைவு, தண்ணீர் 92 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். கறுப்புத் தேயிலை அதில் முழுசாக இறங்காது.

பிளாஸ்கில் காபி வாசனை போகவே மாட்டேன் என்கிறது. புதிது வாங்கட்டுமா?

ஸ்டீலில் வாசனை அவ்வளவாக நிற்காது. மூடிக்குள் இருக்கும் சிலிகான் வாஷரை முகர்ந்து பாருங்கள், அதில்தான் இருக்கும். ஸ்டீலுக்குச் சமையல் சோடாவும் வெந்நீரும் போட்டு ஒரு மணி நேரம் ஊறவிட்டால் கறையும் போகும். பிளீச் ஊற்றாதீர்கள், ஸ்டீலை அரிக்கும். வாஷரை மாற்றிவிடுங்கள். உதிரி வாஷர் விற்காத கம்பெனி என்றால், அடுத்த முறை அந்தக் கம்பெனி பக்கமே போகாதீர்கள்.