ஓய்வு பெற்ற தந்தைக்குக் கணினியும் இணையமும் அறிமுகம் செய்ய எந்தெந்தச் சொற்களை முதலில் விளக்க வேண்டும்?

அண்மையில் ஓய்வு பெற்ற தந்தைக்கு மடிக்கணினியும் பிராட்பேண்ட் இணைப்பும் வாங்கிக் கொடுத்திருப்பதாகவும், அவர் அறிந்துகொள்ள வேண்டிய அடிப்படைச் சொற்களின் பட்டியல் வேண்டும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். பட்டியலாகத் தருவதில் எனக்கு விருப்பமில்லை. மூத்தவர்கள் சிலருக்குக் கணினி சொல்லித்தருபவன் என்ற முறையில் நான் கவனித்த வரையில், ஒரு சொல்லுக்குப் பொருள் தெரியாததால் அவர்கள் இழப்பது குறைவு. அருகருகே புழங்கும் இரண்டு சொற்களை ஒன்றென எண்ணிக்கொள்வதால்தான் பணமும் படங்களும் பொறுமையும் போகின்றன. எனவே அப்படிப்பட்ட சொற்களை இரண்டிரண்டாக எடுத்துக்கொள்கிறேன். சிலவற்றை இரண்டு வரியில் கடந்துவிடுவேன். இணைய முகவரியைப் பற்றி மட்டும் சற்று நீட்டித்தான் சொல்ல வேண்டியிருக்கும்.

மடிக்கணினிப் பெட்டியின் மேல் 8 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி என்று அச்சிட்டிருப்பார்கள். இரண்டையும் ஜிபியில் சொல்வதால் இரண்டும் ஒரே வகையான இடம் என்று தோன்றும். ரேம் என்பது கணினி ஓடிக்கொண்டிருக்கும்போது மட்டும் பயன்படும் நினைவகம். மின்சாரம் நின்றால் அதில் இருந்தது அழிந்துவிடும். எஸ்எஸ்டி என்பது கோப்புகளும் படங்களும் தங்கும் சேமிப்பகம். கணினி மெதுவாக ஓடுகிறதே என்று படங்களை அழித்துக்கொண்டிருப்பவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டவர்களே. ரேம் போதவில்லை என்றால் திறந்து வைத்திருக்கும் செயலிகளைத்தான் மூட வேண்டும். புதுக் கணினியில் 512 ஜிபிக்குப் பதில் ஏறக்குறைய 476 ஜிபிதான் காட்டுகிறது என்பதற்காகக் கடைக்காரரிடம் சண்டைக்குப் போகவும் வேண்டாம். தயாரிப்பாளர் 100 கோடி பைட்டை ஒரு ஜிபியாகக் கணக்கிடுகிறார். விண்டோஸோ 1024-ஐ மூன்று முறை பெருக்கி வரும் 107,37,41,824 பைட்டை ஒரு ஜிபி என்கிறது. இடம் எங்கும் காணாமல் போகவில்லை.

இதே போன்ற கணக்குச் சிக்கல் இணைய வேகத்திலும் உண்டு. நிறுவனங்கள் விளம்பரப்படுத்தும் 100 எம்பிபிஎஸ் என்பது நொடிக்கு 100 மெகாபிட். நாம் பதிவிறக்கும் கோப்பின் அளவைக் கணினி காட்டுவது மெகாபைட்டில். எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட் என்பதால், 100 எம்பிபிஎஸ் இணைப்பில் மிகச் சிறந்த நிலையிலும் நொடிக்கு 12.5 எம்பிதான் இறங்கும். ஒன்றரை ஜிபி அளவுள்ள ஒரு திரைப்படத்துக்கு இரண்டு நிமிடங்கள் ஆவது இயல்பு. இதைத் தெரிந்துகொண்ட பிறகும் வேகம் மிகக் குறைவாக இருந்தால் புகார் செய்வதில் பொருள் உண்டு.

அடுத்து வைஃபையும் இணையமும். வைஃபை என்பது இணைய இணைப்பை வீட்டுக் கருவிகளுக்குப் பகிர்ந்தளிக்கும் பெட்டியான ரவுட்டருக்கும் உங்கள் கருவிக்கும் இடையிலான கம்பியில்லா இணைப்பு மட்டுமே. ரவுட்டரிலிருந்து நிறுவனத்துக்குச் செல்லும் வழி வேறு. தெருக்குழாயில் தண்ணீர் வராத நாளில் வீட்டுக்குழாயைத் திருகிக்கொண்டிருப்பதைப் போல, வைஃபை குறி முழுதாகத் தெரிகிறதே என்று கைப்பேசியையே பலர் நோண்டிக்கொண்டிருப்பார்கள். ஃபைபர் இணைப்பாக இருந்தால் சுவரில் மாட்டிய பெட்டியில் எல்ஓஎஸ் என்று எழுதிய விளக்கைப் பார்க்கச் சொல்லுங்கள். அது சிவப்பாக எரிந்தால் ஃபைபர் வழியே ஒளி வந்து சேரவில்லை என்று பொருள். நிறுவனத்துக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டுக் காத்திருப்பதைத் தவிர வீட்டிலிருந்து செய்யக்கூடியது ஏதும் இல்லை.

இணையமும் வலையும் ஒன்றே என்ற எண்ணம் பரவலானது. அதனால் பெரிய கேடு விளைவதில்லை என்றாலும் தெளிவுக்காகச் சொல்கிறேன். கணினிகளை ஒன்றோடொன்று பிணைக்கும் வலையமைப்பும் அதன் விதிமுறைகளும் சேர்ந்ததே இணையம். இன்றைய இணையத்தின் அடிப்படையான டிசிபி ஐபி விதிமுறைக்கு இணையத்தின் முன்னோடியான அமெரிக்க வலையமைப்பு அர்ப்பாநெட் 1983 ஜனவரி 1 அன்று மாறியது. உலாவியில் நாம் பார்க்கும் பக்கங்களின் தொகுதியான வலை, ஸ்விட்சர்லாந்தின் செர்ன் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ் லீ 1989-இல் முன்வைத்த திட்டத்திலிருந்து பிறந்தது. மின்னஞ்சல் இவற்றைவிட மூத்தது. ரே டாம்லின்சன் 1971-இலேயே ஒரு கணினியிலிருந்து வேறொரு கணினிக்கு மடல் அனுப்பிவிட்டார். இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையச் சேவையை அப்போது அரசு நிறுவனமாக இருந்த விஎஸ்என்எல் தொடங்கியது 1995 ஆகஸ்ட் 15 அன்று. ஆக, வலை என்பது இணையத்தின் மேல் நடக்கும் பல சேவைகளுள் ஒன்று. வாட்ஸப் அழைப்பும் யுபிஐ செயலியும் உலாவியின் உதவியின்றியே அதே இணையத்தில் இயங்குகின்றன.

உலாவியையும் தேடுபொறியையும் பிரித்தறிவது இதைவிட முக்கியம். குரோம், ஃபயர்ஃபாக்ஸ், எட்ஜ் ஆகியவை உலாவிகள், அதாவது பக்கங்களைத் திறந்து காட்டும் மென்பொருள்கள். கூகுள், பிங் ஆகியவை தேடுபொறிகள். நாம் தரும் சொற்களுக்குப் பொருந்தும் பக்கங்களைக் கண்டுபிடித்து வரிசைப்படுத்தும் இணையதளங்கள். இன்றைய உலாவிகளில் முகவரி எழுதும் இடமும் தேடும் இடமும் ஒன்றாகிவிட்டதால், வங்கியின் பெயரைத் தட்டியவுடன் வங்கியின் தளத்துக்கே போய்விட்டதாக உங்கள் தந்தை நினைக்கலாம். உண்மையில் அவர் கண்முன் இருப்பது தேடல் முடிவுகள். அவற்றின் உச்சியில் இருப்பவை பணம் கட்டிய விளம்பரங்களாகவும் இருக்கலாம். வாடிக்கையாளர் சேவை எண்ணைத் தேடி, மோசடிக்காரர்கள் போட்டு வைத்த எண்ணை அழைத்துப் பணத்தை இழந்தவர்களின் செய்திகள் நாளிதழ்களில் அடிக்கடி வருகின்றன. அந்த எண்ணை வங்கி அட்டையின் பின்புறத்திலிருந்து எடுத்துக்கொள்வதே நல்லது.

இங்கேதான் முகவரியைப் படிக்கத் தெரிய வேண்டும். மற்ற எல்லாவற்றையும் மறந்தாலும் இதை உங்கள் தந்தை மறக்கக் கூடாது என்பேன். இணையத்தில் உள்ள ஒவ்வொரு சர்வருக்கும், அதாவது தளங்களை வைத்திருந்து நமக்கு அனுப்பும் கணினிக்கும், ஐபி முகவரி என்ற எண் உண்டு. பழைய முறையில் அது 32 பிட் நீளமுள்ளது; அதனால் ஏறத்தாழ 429 கோடி முகவரிகள்தான் சாத்தியம், அவை போதாமல் போனதால்தான் 128 பிட் நீளமுள்ள ஐபிவி6 வந்தது. எண்களை மனிதர்கள் நினைவில் வைத்திருக்க முடியாதாகையால் பெயர்களைப் பயன்படுத்துகிறோம். பெயரைக் கொடுத்தால் எண்ணைக் கண்டறிந்து தரும் டிஎன்எஸ் என்ற ஏற்பாட்டை 1983-இல் பால் மொக்கபெட்ரிஸ் வடிவமைத்தார். இந்தப் பெயர்களின் அதிகாரம் வலப்பக்கத்திலிருந்து தொடங்குகிறது. நாமோ இடப்பக்கத்திலிருந்து படித்துப் பழகியவர்கள். மோசடிக்காரர்களுக்கு இந்தப் பழக்கம் ஒன்றே போதும்.

முகவரியின் தொடக்கத்தில் உள்ள இரட்டைச் சாய்கோட்டுக்குப் பிறகு, அடுத்த சாய்கோடு வரும் இடம் வரையிலான பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு, அதை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். வருமான வரித்துறையின் தளம் இன்கம்டாக்ஸ் டாட் கவ் டாட் இன் என்பது. கவ் டாட் இன் என்பது அரசு அமைப்புகளுக்கு மட்டுமே ஒதுக்கப்பட்ட பெயர்வெளி. ஆனால் அதே எழுத்துகளுக்குப் பிறகு சாய்கோடு வராமல் இன்னொரு புள்ளியும், வேறொரு பெயரும், இறுதியில் டாட் காமும் வந்தால், அந்தத் தளத்தின் உரிமையாளர் கடைசியில் நிற்கும் பெயரைப் பதிவு செய்தவரே. முன்னால் ஒட்டப்பட்டிருக்கும் வருமான வரித்துறையின் பெயர் வெறும் அலங்காரம். வங்கிகளைப் பொறுத்தவரை இப்போது ஒரு வசதி இருக்கிறது. இந்திய ரிசர்வ் வங்கியின் உத்தரவுப்படி வங்கிகள் 2025 அக்டோபர் 31-க்குள் பேங்க் டாட் இன் என்று முடியும் முகவரிகளுக்கு மாற வேண்டியிருந்தது. எனவே முகவரி அப்படி முடிகிறதா என்று பார்ப்பது பயன் தரும் ஒரு சோதனை. குறுஞ்செய்தியில் வரும் சுருக்கிய இணைப்புகளில் இந்தச் சோதனையைச் செய்யவே முடியாது என்பதால், அவற்றைத் தொடாமல் விடுவதே முறை.

பூட்டுச் சின்னம் இருந்தால் தளம் நம்பகமானது என்று முன்பு பலரும் சொல்லித்தந்தார்கள். அது பாதிதான் உண்மை. முகவரி எச்டிடிபிஎஸ் என்று தொடங்கினால் உங்கள் கணினிக்கும் அந்தச் சர்வருக்கும் இடையே செல்லும் தகவலை வழியில் உள்ளவர்கள் படிக்க முடியாது. மறுமுனையில் இருப்பவர் நேர்மையானவரா என்பதற்கு அது சான்று அன்று. அந்தச் சான்றிதழ் இலவசமாகவே கிடைப்பதால் மோசடித் தளங்களும் அதை வைத்திருக்கின்றன. இந்தத் தவறான புரிதலைக் காரணம் காட்டித்தான் குரோம் உலாவி 2023-இல் பூட்டை எடுத்துவிட்டு வேறொரு சின்னத்தை வைத்தது.

உலாவியின் மறைநிலைச் சாளரமும் இப்படித்தான் தவறாகப் புரிந்துகொள்ளப்படுகிறது. அதில் பார்த்த தளங்களின் வரலாறு அந்தக் கணினியில் தங்காது, அவ்வளவுதான். இணைய நிறுவனத்துக்கும் நீங்கள் சென்ற தளத்துக்கும் உங்கள் வருகை தெரியும். தளங்கள் நம் உலாவியில் விட்டுச்செல்லும் சிறு குறிப்புகளான குக்கீகள், அந்தச் சாளரங்களை மூடியதும் அழிந்துவிடும் என்பதால், பிரவுசிங் சென்டரில் மின்னஞ்சல் பார்க்க நேர்ந்தால் மறைநிலை ஓரளவுக்கு உதவும். குக்கீகளை எண்ணி அஞ்ச வேண்டியதில்லை. ஒவ்வொரு பக்கத்திலும் மறுபடி மறுபடி கடவுச்சொல் கேட்காமல் இருப்பதே அவற்றால்தான். விளம்பர நிறுவனங்கள் தளம் தளமாகப் பின்தொடரப் பயன்படுத்தும் மூன்றாம் தரப்புக் குக்கீகளை மட்டும் உலாவி அமைப்புகளில் நிறுத்தி வைக்கலாம்.

கிளவுட் என்று சொன்னதும் ஏதோ வானத்தில் இருப்பதாக எண்ண வேண்டாம். அது நிறுவனமொன்றின் தரவு மையத்தில் உள்ள கணினிகளில் நமக்குத் தரப்படும் இடம். இதில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒத்திசைவுக்கும் காப்புப்பிரதிக்கும் உள்ள வேறுபாட்டை. ஒத்திசைவு என்றால் கைப்பேசியிலும் கிளவுடிலும் ஒரே நிலை இருக்குமாறு பார்த்துக்கொள்வது; ஆகவே ஒரு பக்கம் அழித்தால் மறுபக்கமும் அழியும். கைப்பேசியில் இடம் இல்லையே என்று கூகுள் ஃபோட்டோஸ் செயலிக்குள் சென்று பேரன் பேத்திகளின் படங்களை அழித்துவிட்டு, கிளவுடில் பத்திரமாக இருக்கின்றன என்று நம்பியிருந்தவர்கள் உண்டு. நீக்கியவை சில காலம் குப்பைத்தொட்டிக் கோப்புறையில் கிடக்கும். அதற்குப் பிறகு திரும்பக் கிடைக்காது. இழக்க விரும்பாத படங்களைத் தனியாக ஒரு வெளிப்புற வட்டில் படி எடுத்து வைப்பதே உண்மையான காப்புப்பிரதி. கூகுள் இலவசமாகத் தரும் 15 ஜிபி என்பது ஜிமெயில், டிரைவ், ஃபோட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்துத்தான். படங்களால் அது நிறைந்துவிட்டால் மின்னஞ்சல் வருவதும் நின்றுபோகும்.

பணத்தைப் பற்றி இரண்டே செய்திகள். ஓடிபி என்பது ஒரு முறை மட்டும் செல்லுபடியாகும் எண். யுபிஐ பின் என்பது நீங்களே வைத்துக்கொண்ட நிலையான எண். பணம் பெறுவதற்கு யுபிஐ பின் ஒருபோதும் தேவைப்படாது; பின் கேட்கும் திரை வந்தால் உங்கள் கணக்கிலிருந்து பணம் வெளியே போகப்போகிறது அல்லது உங்கள் கணக்கின் இருப்பைப் பார்க்கிறீர்கள் என்று பொருள். திருமண அழைப்பிதழ், போக்குவரத்து அபராதம் என்ற பெயர்களில் வாட்ஸப்பில் வரும் கோப்பின் பெயர் ஏபிகே என்று முடிந்தால் அது படமோ ஆவணமோ அன்று. திறந்து நிறுவ அனுமதித்துவிட்டால் கைப்பேசியின் குறுஞ்செய்திகளைப் படிக்கக்கூடிய செயலி. அப்படி ஏதேனும் நடந்து பணம் போய்விட்டால் 1930 என்ற தேசிய இணையக் குற்ற உதவி எண்ணை உடனே அழைக்க வேண்டும். தாமதமின்றிச் சொன்னால் பணம் கைமாறுவதை நிறுத்த வாய்ப்பு உண்டு.

கடைசியாக, உங்கள் தந்தை தமிழில் எழுத விரும்புவார் என்று நினைப்பதால் எழுத்துருவையும் யூனிகோடையும் பற்றி ஒரு சொல். எழுத்துரு என்பது எழுத்தின் தோற்றம். யூனிகோடு என்பது ஒவ்வோர் எழுத்துக்கும் உலகம் முழுவதும் ஒரே எண்ணை ஒதுக்கும் தரம். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் ஆங்கில எழுத்துகளின் எண்களிலேயே தமிழ் வடிவங்களைப் பொருத்தியிருந்தார்கள். ஆகவே அவர் பணியாற்றிய காலத்துக் கோப்புகள் புதுக் கணினியில் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரிந்தால், கோப்பு கெட்டுவிட்டதென்று அழித்துவிட வேண்டாம். அந்த எழுத்துருவை நிறுவினால் படிக்கலாம், அல்லது இணையத்தில் கிடைக்கும் மாற்றிகளைக் கொண்டு யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளலாம். புதிதாகத் தட்டச்சு செய்ய விண்டோஸ் 11-இல் தமிழ் 99 விசைப்பலகை உள்ளேயே இருக்கிறது. மொழி அமைப்புகளில் தமிழைச் சேர்த்தால் போதும். குறுஞ்செய்தி அனுப்பும்போது மட்டும், ஆங்கிலத்தில் 160 எழுத்துகள் கொள்ளும் ஒரு செய்தியில் யூனிகோடுத் தமிழ் 70 குறிகள்தான் கொள்ளும் என்பதையும், புள்ளியும் கொம்பும் தனித்தனிக் குறிகளாகவே எண்ணப்படும் என்பதையும் அவரிடம் சொல்லி வையுங்கள்.